மேஸ்ட்ரோவின் பின்னால் நோரிஸ்

நோரிஸ் பெப்ளோவின் உத்தியோகம் அடுத்தவர் பற்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஷ்ரூஸ்பரியில் எங்கள் பட்டறையில் செய்யும் பல்செட்டுகளை வெள்ளை வேனில் ஏற்றி, லட்லோ வரையுள்ள பல் மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். வழியெல்லாம் அவர் கண் சாலையில்தான் இருக்கும். ஆனால் சாலை விதிகளுக்காக அல்ல, அதில் வரும் கார்களுக்காக.

விலையுயர்ந்த வேகக் கார்களை அவர் சட்டை செய்யமாட்டார். புதிதாக வந்த காலத்தில் எவரும் திரும்பிப் பார்க்காத கார்கள்தான் அவருக்கு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கப்பட்ட கார்கள். தெருவுக்குத் தெரு நின்றிருந்து, யாரும் கவனிக்காதபோதே காணாமல் போனவை. கண்காட்சியில் மெருகேற்றி நிறுத்தியிருப்பதைப் பார்த்தால் அது கணக்கில் சேராது. மழையில், கதவெல்லாம் சேறு தெறிக்க, பின்சீட்டில் உருளைக்கிழங்கு மூட்டையோடு போக வேண்டும். "மிருகக்காட்சி சாலைல புலி பாத்தவன் காட்டுக்குப் போய்ட்டு வந்தேன்னு சொல்லலாமா?" என்பார்.

அப்படி ஒரு புலி வியாழக்கிழமைதோறும் ஹாப்ஸ்கோட் சாலையில் வந்தது. 1986ஆம் ஆண்டு ஆஸ்டின் மேஸ்ட்ரோ, தேநீரில் பால் கூடிப்போன நிறம். பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு முதிய பெண் அதை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிவருவார். நோரிஸ் முந்தமாட்டார். பின்னாலேயே போவார். தான் திரும்ப வேண்டிய திருப்பத்தைத் தாண்டியும் போனதுண்டு. ரயில் கேட் மூடியிருந்தால் இறங்கிப்போய் ஒரு படம் எடுத்துக்கொள்வார். அவருக்கு அது மரியாதை.

அக்டோபரில் ஒரு வியாழன் கார் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. முதலில் அவர் கவலைப்பட்டது காரைப் பற்றி. அதற்காக வெட்கப்பட்டு, ஓட்டிவந்த அம்மாளைப் பற்றியும் கவலைப்பட்டார். கவலை இரண்டாகிவிட்டது.

எங்கள் நாட்டில் எந்தக் காரின் எண்ணையும் இணையத்தில் தட்டினால், அது ஆண்டுச் சோதனையில் தேறியதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். மேஸ்ட்ரோவுக்கு மாதக் கடைசி வரை தவணை. அதற்குள் சோதனைக்குப் போகாவிட்டால் சாலைக்கு வர முடியாது. அந்த வயதுக் கார் ஒருமுறை ஒதுங்கினால் ஒதுங்கியதுதான். தினமும் காலையில் நோரிஸ் எண்ணைத் தட்டினார், பரீட்சை முடிவு பார்க்கும் பிள்ளையின் முகத்தோடு.

"முதுகு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போக உனக்கு ஒரு வருஷம் ஆச்சு," என்றார் மனைவி எனிட். "எவளோ ஒருத்தி காரைக் காணோம்னு சோறு இறங்கலையாக்கும்?"

கடைசி வாரம் பொறுக்கமுடியாமல் ஹாப்ஸ்கோட் கடையில் வேனை நிறுத்தினார். பன்றி இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, சும்மா கேட்பதுபோல் கடைக்காரி கிளெனிஸிடம் கேட்டார்.

"அந்தப் பழைய மேஸ்ட்ரோ ஒண்ணு இப்படி வருமே. இப்பல்லாம் காணோமே?"

கிளெனிஸ் குரலைத் தாழ்த்தினார், கடையில் வேறு ஈ காக்கை இல்லை என்றாலும்.

"ஹெஸ்டர் மேட்லி காரா? பாவம் ராசா அவ. அதைத் திருடுறதுக்கு எவனோ பின்னாலயே சுத்துறான். ரயில் கேட்டுல இறங்கி வந்து படம் வேற எடுத்தானாம்!"

"ஆள்... எப்படி இருப்பானாம்?"

"வெள்ளை வேன். சிவப்புக் கம்பளித் தொப்பி. முழியே சரியில்லையாம்."

நோரிஸ் தலையைச் சொறிகிறவர்போலத் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் திணித்தார். வேன் வாசலிலேயே நின்றது.

"போலீசுல சொன்னாங்களா?"

"சொல்லாம? திருட்டுப் போனதும் வாங்கன்னுட்டாங்க. அவ பயந்து, இனிமே ஓட்டவே மாட்டேன்னுட்டா. சனிக்கிழமை தங்கச்சி மகன் வந்து மோதல் பந்தயத்துக்குக் கொண்டுபோறான்."

பழைய கார்களை வட்டத் திடலில் ஓட்டி ஒன்றையொன்று மோதி நொறுக்குவது எங்கள் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக் கேளிக்கை. வயதான கார் நசுங்கினால் கைதட்டல் கூடுதல்.

நோரிஸ் கணக்குப் போட்டார். வாயைத் திறந்தால் வட்டாரம் முழுக்கத் திருடன் என்ற பெயர், வேலையும் போகலாம். திறக்காவிட்டால் மேஸ்ட்ரோ தகரமாகிவிடும், அதுவும் அவராலேயே. வேனில் யார் யாருடைய பற்களோ காத்திருந்தன. அவர் வழி கேட்டுக்கொண்டு மேட்லி அம்மாள் வீட்டுக்குப் போனார்.

கதவு சங்கிலியோடு கொஞ்சமாகத் திறந்தது. சொல்லத் தயார்செய்திருந்த வாக்கியம் மறந்துபோய், வேறொன்று வந்தது.

"அம்மா, அந்தத் திருடன் நான்தான்."

"என்ன வேணும் உனக்கு?"

"காரை ஓட்டணும்."

"நீயா?"

"ஐயோ, நீங்கம்மா! நீங்க ஓட்டணும். நான் பாக்கணும். இந்த மாதிரி அன்றாடம் ஓடுற வண்டி நாட்டுல விரல்விட்டு எண்ணிடலாம். பின்சீட்டுல நாய்க்குப் போர்வை விரிச்சு ஓடுறது உங்களோடது ஒண்ணுதான். அதைப் போய் மோத விடாதீங்க."

கதவிடுக்கில் ஒரு கண் அவரையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப திருட வரல?"

"சத்தியமா இல்லம்மா."

அம்மாள் முகம் கொஞ்சம் வாடியது. "என் காரைத் திருட ஆள் அலையுதுன்னு தங்கச்சிகிட்ட பீத்திக்கிட்டேனே. இப்ப அவகிட்ட என்னன்னு சொல்ல?"

"திருடன் திருந்திட்டான்னு சொல்லுங்க."

சங்கிலி விழுந்தது. ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை.

"நாளைக்குச் சோதனைக்குக் கொண்டுபோறேன். நீயும் வா. பின்னால மட்டும் வராதே. உன் வேனைக் கண்ணாடில பாத்தா இப்பவும் போலீசுக்குப் போன் போட்டுருவேன். முன்னால போ."

வெள்ளிக்கிழமை மேஸ்ட்ரோ தேறியது. தங்கை மகன் அன்றே சேதி கேட்டு, இரண்டு வசவோடு வேறு கார் தேடிக்கொண்டான்.

வியாழக்கிழமைகளில் இப்போது நோரிஸ் ஹாப்ஸ்கோட் முனையில் காத்திருந்து, மேஸ்ட்ரோவுக்கு முன்னால் போகிறார். தன் அபூர்வக் காரைக் கைக்குட்டை அளவுக் கண்ணாடியில்தான் பார்க்கிறார். வளைவில் அது மறைந்ததும் அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். நின்றுவிட்டதோ, பள்ளத்தில் இறங்கிவிட்டதோ, மனம் மாறித் திரும்பிவிட்டதோ என்று கண்ணாடியையே பார்ப்பார். அதற்குள் வளைவு தாண்டி வந்துவிடும் மேட்லி அம்மாள், விளக்கை அடித்து அடித்து, நகருப்பா என்று கையைக் காட்டுவார்.