கொட்டகைக்குள் வந்து போனவர்கள்

இடது கை வாத்தின் இரண்டு இறக்கைகளையும் சேர்த்து விலாவோடு அணைத்துக்கொண்டது. கட்டைவிரல் அலகின் ஓரத்தை மெல்ல நெம்ப, வலது கை பஞ்சு சுற்றிய குச்சியைத் தொண்டைக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்தது. இன்னொரு குச்சி வாலுக்கடியில். இரண்டும் இளஞ்சிவப்புத் திரவம் இருந்த சின்னக் குழாய்க்குள் போயின. விளிம்பில் வைத்து ஒடித்ததும் மிச்சக் காம்புகள் குப்பைப் பையில் விழுந்தன. மூடியைத் திருகியாயிற்று. குழாயின் மேல் பென்சிலால் எண்: பதினேழு. பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும் என்று அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வருடம் நாற்பது குழாய்களைப் பாழாக்கிவிட்டுத் தாமாகக் கற்றுக்கொண்டவை.

"இன்னும் எத்தனை?" என்றான் தம்பி. கம்பி வலைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"மூணு."

"செத்ததுல எடுத்தியே, பத்தாதா?"

"உசுரோட இருக்கறதுலயும் எடுக்கணும்."

"அப்ப சீக்கிரம் எடு. சாயங்காலத்துக்குள்ள எதுவும் உசுரோட இருக்காது."

பதினெட்டாவது வாத்து கழுத்தைத் திருகிக்கொண்டு, கூரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் நின்றது. அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் குடியிருந்த தெருவில் அவளுக்கு எச்சக்காரி என்று பெயர். கால்நடை ஆஸ்பத்திரியில் தரை கழுவப் போனவள். ஒரு நாள் கோழியைப் பிடித்துக்கொள்ள ஆள் வராததால் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். அவள் பிடித்த பிடியில் கோழி மூச்சு முட்டவும் இல்லை, திமிறவும் இல்லை. அன்றோடு துடைப்பம் கைமாறியது. பதினோரு வருடமாக, குளிர்காலம் பிறந்தால் விடிவதற்கு முன்பே ஏரிக்கரையில் இருப்பாள். பனி நாடுகளிலிருந்து வந்த வாத்துகள் சேற்றுத்திட்டில் ஆயிரக்கணக்கில் நிற்கும். அவை எழுந்து பறந்ததும் கால் மணி நேரத்துக்குள் ஓடிப்போய் ஈர எச்சத்தைக் குச்சியில் எடுக்க வேண்டும். வெயில் பட்டுக் காய்ந்தது எதற்கும் உதவாது. அதிலிருக்கும் கிருமி செத்திருக்கும். எந்தப் பறவை போட்டது என்று எச்சத்தின் வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரிக்கு வந்த படப் புத்தகத்தை டாக்டர்கள் புரட்டியதைவிட அவள் புரட்டியது அதிகம்.

அந்தப் பறவைகளில் சில பறவைக் காய்ச்சலை வயிற்றில் வைத்துக்கொண்டே கடல் தாண்டி வரும். அவற்றுக்குத் தும்மல்கூட இருக்காது. அவை நின்ற தண்ணீரில் வீட்டு வாத்து இறங்கினால் போதும். அதனால்தான் மூன்று வருடம் தம்பியின் பிராணனை வாங்கி, அவனுடைய அறுநூறு வாத்துகளையும் ஏரியில் இறங்க விடாமல் செய்திருந்தாள். கூரை முதல் தரை வரை சிட்டுக்குருவி நுழையாத வலை. குழாய்க்கிணற்றுத் தண்ணீர். தீவன மூட்டைக்கு மூடி.

"வாத்தை ஏரி காட்டாம வளர்க்கிறவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்," என்று அவன் கிண்டலடிப்பான். அடித்தாலும் செய்தான். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

திங்கட்கிழமை எட்டு வாத்துகள் செத்துக் கிடந்தன. செவ்வாய் விடிந்தபோது நாற்பத்திரண்டு. அவன் அக்காவைக் கூப்பிட்டான். அவள் வந்து பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று கால்நடை ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"அக்கான்னுதானே கூப்பிட்டேன்," என்றான் அவன். "ஆபீஸைக் கூட்டிட்டு வந்துட்டே."

இப்போது புதன்கிழமை காலை. மிச்ச வாத்துகளையும் கொன்று புதைப்பதற்காக, வாசலில் வெள்ளை உடுப்பு மாட்டிய எட்டுப் பேர் வண்டியிலிருந்து சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இருபதாவது குழாயையும் மூடி ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டி, கையைக் கழுவிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே தீவன மூட்டை மேல் விசாரணைத் தாளை விரித்தாள். தம்பி எதிரில் வந்து நின்றான். தம்பி மனைவி தூணில் சாய்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"கடந்த பதினாலு நாள்ல கொட்டகைக்குள்ள வந்து போனவங்க. சொல்லு."

"நான், இவ. வேற யாரு? தீவன வண்டிக்காரன் வாசலோட சரி. முட்டை எடுக்கறவன் ரெண்டு வாரமா வரல." பல்லைக் கடித்தான். "எழுதிக்க, அந்தப் பறவைங்களை எழுது. எங்கயோ ஐஸ்ல கிடக்கறதுங்க, சொகமா சாப்பிட்டுப் போக இங்க வருது. என் வயித்துல அடிச்சிட்டுப் போகுது."

"வலை இருக்குதேடா."

"வலைதான் கிழிஞ்சுதே! போன வாரம் நீதானே வந்து தச்சே."

பென்சில் நின்றது.

போன வியாழக்கிழமை. ஏரியில் வேலை முடிந்து, முழங்கால் வரை சேறோடு திரும்பிக்கொண்டிருந்தாள். வலையில் ஒரு முழம் கிழிந்துவிட்டது என்று இவன் போன் செய்தான். காக்கா நுழைவதற்குள் தைத்துவிட வேண்டும் என்று ஓடி வந்தாள். ஏரிக்கு ஒரு பூட்ஸ், கொட்டகைக்கு ஒரு பூட்ஸ் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவளே அவள்தான். கொட்டகை பூட்ஸின் அடி பிளந்து இரண்டு மாதமாகிறது. ஆபீசில் மூன்று முறை எழுதிக் கேட்டாயிற்று. வாசலில் பூட்ஸை முக்கி எடுக்க மருந்துத் தண்ணீர்த் தட்டு இருந்தது. தண்ணீர் வற்றி மருந்து சேறாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு, காலை அதில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து நிமிட வேலை.

அங்கிருந்து நேராகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய பஸ் டிரைவரின் கோழிக்கொட்டகைக்கு. மாதாந்திரச் சோதனை. அங்கே வாசலில் தட்டே கிடையாது.

இன்று காலை டிரைவருக்குப் போன் செய்தாள். "பத்துப் பன்னெண்டு தூங்கி வழியுதும்மா, குளிருதான் போல. சனிக்கிழமை எல்லாத்தையும் சந்தைக்கு ஏத்திடறேன், தொல்லை விட்டுச்சு," என்று சிரித்தார். ஏத்தாதீங்க என்று கெஞ்சினாள். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். கோழி, வாத்து எதுவும் வெளியே போகக்கூடாது என்று தம்பி கொட்டகையைச் சுற்றி ஆபீஸ் போடும் வட்டம் மூன்று கிலோமீட்டர். டிரைவரின் கொட்டகை ஆறாவது கிலோமீட்டரில் இருந்தது. இரண்டு கொட்டகைகளுக்கும் பொதுவாய் இருந்தது அவள் ஒருத்திதான்.

எழுதினாள்.

"உன்னை எதுக்கு எழுதறே?" என்றான் தம்பி. "நீ நம்ம வீட்டு ஆளு. வந்து போனவங்களா நீ?"

அவள் எழுதிக்கொண்டே போனாள். வியாழன், பகல் பதினொன்று. ஏரியிலிருந்து நேராக. அதே பூட்ஸ். மருந்துத் தட்டு வறண்டிருந்தது. பிறகு பாலத்துக்கு அப்பால் உள்ள கோழிக்கொட்டகை.

தாளைத் திருப்பி அவன் பக்கம் வைத்தாள். அவன் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தான். முதலில் புரிந்தது அவன் மனைவிக்குத்தான்.

"அண்ணி," என்றாள். "ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே. கால்ல வரும், கால்ல வரும்னு."

"ஆமா."

"தெரிஞ்சேவா வந்தீங்க?"

"அஞ்சு நிமிஷம்தானேன்னு நெனச்சேன்."

தம்பி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, இதை அழிச்சிடு," என்றான் கடைசியில். குரல் கீழே போயிருந்தது. "பறவைன்னு இருந்தா பறவையைத் திட்டிட்டுப் போயிடுவேன். இதை எழுதினா நான் யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டு."

"அழிடின்னா!"

"டிரைவர் கோழி சந்தைக்குப் போகப்போகுதுடா. அங்கேயிருந்து எத்தனை வீட்டுக்குப் போகும்? நீ கையெழுத்துப் போடு." பேனாவை நீட்டினாள்.

அவன் பேனாவை வீசி எறிந்தான். அது வலையில் பட்டு மண்ணில் விழுந்தது. மனைவி குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, அவன் கையில் வைத்தாள்.

"போடுங்க. அண்ணி ஒழுங்காத்தான் எழுதியிருக்காங்க. எழுதறதுல அவங்களை ஒரு குறை சொல்ல முடியாது."

அவன் போட்டான். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டான். "இனிமே இந்த வாசல்ல உன் கால் படக்கூடாது," என்றான்.

அவளும் அதற்கு மேல் நிற்கவில்லை. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். சின்ன வயது டாக்டர் வண்டியின் நிழலில் நின்றிருந்தார். தாளை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தவர், கடைசி வரிகளில் நின்றார்.

"என்னங்க இது? மேலயே 'வலசைப் பறவை'ன்னு கட்டம் இருக்கே. டிக் போட்டா முடிஞ்சுது."

"அதையும் போடுங்க சார். அதுங்கதான் கொண்டு வந்துச்சு. ஏரி வரைக்கும்."

"இது மேல போச்சுன்னா உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க. பூட்ஸ் கேட்டு எழுதினீங்களே, அந்தக் காகிதம்லாம் காணாமப் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும். இங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. நீங்க முதல்ல பாலத்துக்கு அந்தப் பக்கம் போங்க. சனிக்கிழமைன்னு சொன்னார், நாளைக்கே ஏத்தினாலும் ஏத்திடுவார்."

கொட்டகைக்குள் முதல் சாக்கு நிரம்பும் சத்தம் கேட்டது. டாக்டர் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவள் தோளிலிருந்து வாரைக் கழற்றினாள். இருபது குழாய்கள், எண் வரிசையில். பெட்டிக்குள் நாலு டிகிரி.

"எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க," என்று சொல்லி, பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.