கையில்லாமல் காட்டிய பிரஷர்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனுக்கு ரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு இறங்கியபோது நான் கைதட்டினேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பிரஷர் கூடத்தான் இருக்கும், கிளினிக்கில் திட்டு வாங்காத ஆளே இல்லை, அதனால் எண் குறைந்தால் எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி. பிலிமத்தலாவையில் எங்கள் வீதியில் பிரஷர் மிஷின் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அக்கம்பக்கத்தில் "டொக்டர்" என்று கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்று எனக்கு விளங்கவே பல வருடமாயிற்று.

அண்ணன் ஹேவாஹெட்டயில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணியோடு எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சல், வாந்தி. மிஷினை மாட்டினேன்.

"அண்ணே, இருவது வயசுப் பையன் பிரஷர் ஒங்களுக்கு!"

"எந்திரிச்சா கண்ணு இருட்டுதுடா."

"அது காய்ச்சக் களைப்பு. பிரஷர் குளிசைய மட்டும் விட்டுறாதீங்க."

"வாந்தி எடுக்குற மனுசனுக்கு அது எதுக்கு தம்பி? டொக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேப்பமே" என்றார் அண்ணி. நான்தான் டொக்டராயிற்றே. இரண்டு நாள் என் கையாலேயே, பிரஷரைக் குறைக்கிற அந்த மாத்திரையைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை அண்ணனுக்குப் பேச்சுக் குழறி, கைகால் சில்லிட்டுவிட்டது. கண்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நேராக ஐசியூ. சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் பரவிவிட்டதாம். "பிரஷர் இப்பிடி விழுந்தா கிட்னிக்கும் மூளைக்கும் ரத்தம் போகாது. மருந்து ஏத்தித்தான் தூக்கிப் புடிச்சிருக்கோம்" என்ற டொக்டர், "இதுக்கு மேல பிரஷர் குளிசை வேற யாரு குடுத்தது?" என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

இனிச் சொல்வதை நீங்கள் நம்பமாட்டீர்கள், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பமாட்டேன். திருவிழாவில் சாமி வந்து ஆடியவரிடமே "டீ ஏதும் குடிக்கிறீங்களா" என்று கேட்டவன் நான்.

அடுத்த நாள் பகல் பதினொன்றரை. பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் நோயாளியைப் பார்க்க விடுவார்கள் என்று வீட்டில் தனியாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த மிஷின் தானாகவே ர்ர்ர்ரென்று காற்றடிக்க ஆரம்பித்தது. பொத்தான் சிக்கிக்கொண்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கையில்லாமல் ஓடவிட்டால், கையில் சுற்றுகிற அந்தப் பட்டி தலையணை மாதிரி உப்பிக் கோணிக்கொள்ளும், கடைசியில் பிழை என்று காட்டும். அன்றைக்கு அப்படி உப்பவில்லை. ஒரு கையைச் சுற்றி இறுக்கினதுபோல வட்டமாக நின்றது, நடுவில் கையளவு பள்ளம். புத்தியுள்ளவன் ஓடியிருப்பான். நான் இரண்டு விரலை உள்ளே விட்டேன்.

சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது நான் பிடித்திருந்த அண்ணனின் கை எப்படி இருந்ததோ, அப்படி.

காற்று இறங்கி எண் வந்தது. அறுபத்தெட்டு, கீழே நாற்பது. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எந்த பஸ்ஸில் கண்டிக்குப் போனேன் என்பதுகூட நினைவில்லை. ஐசியூ வாசலில் டொக்டர் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பதினொன்றர மணி மாதிரி திடீர்னு விழுந்துருச்சும்மா. அறுபத்தெட்டுக்கு நாப்பது. மருந்தக் கூட்டியிருக்கோம். கிட்னி தாங்குமான்னுதான் தெரியல."

தாங்கவில்லை. அண்ணன் பிழைத்தார், கிட்னி இரண்டும் பிழைக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டிலிருந்தே வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறார். இடது காலில் இரண்டு விரல் கறுத்துப்போய் எடுத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருக்கும்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த மிஷினைக் கையில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன், பிழை என்பதைத் தவிர எதுவும் காட்டவில்லை. ஆனால் பழைய அளவுகளைத் தட்டிப் பார்த்தால் அந்த அறுபத்தெட்டுக்கு நாற்பது இன்னும் இருக்கிறது. அழிக்க ஒரு பொத்தான் போதும். எனக்குத் தைரியமில்லை.

போன மாதம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கிட்னி போன அண்ணனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று டொக்டர் சொன்ன தண்ணீரைப் போத்தலில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கையில்லாம காட்டுனது கெடக்கட்டும் தம்பி. கையில மாட்டிக் காட்டுனப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"