ஒண்ணுமே செய்யாத கோதுமை

வெரிட்சாவின் மணிக்கட்டு முறிந்தது ஒரு கை பிரேக்கை இழுத்ததில். வால்யேவோ என்ற ஊரில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் அவள். ஐம்பது வயதுப் பல் டாக்டர் ஒருவர், ஆற்றை வேடிக்கை பார்த்தபடியே காரை ஆற்றுக்குள் இறக்கப் போனார். வெடுக்கென்று இழுத்தாள். கார் நின்றது, கை போயிற்று.

"பிரேக் உடைஞ்சிருச்சா மேடம்?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு, டாக்டர். நான்தான் உடைஞ்சேன்."

கை பிரேக் இழுத்ததற்கெல்லாம் எலும்பு முறியுமா என்று ஆஸ்பத்திரியில் யாருக்கோ சந்தேகம் வந்து தொலைத்தது. அங்கே பிடித்தது சனியன். எலும்பைப் படமெடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். கடைசியில் நெவென்கா என்ற டாக்டரம்மா எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உங்களுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூணும் உங்க குடலுக்கு ஆகாது. உள்சுவர் தேய்ஞ்சு கிடக்கு. சாப்பிடுறதுல இருக்கிற சத்து உடம்புல ஒட்டாது. எலும்பு உளுத்துப்போனது அதனாலதான்."

"எனக்கு ஒண்ணுமே இல்லையே டாக்டர். வயித்து வலி கிடையாது, வாந்தி கிடையாது. தினம் காலையில ஒரு முழு புரேக் அடையும் ஒரு கிளாஸ் தயிரும் உள்ள போகுது."

"அதான் வம்பு. உங்களுக்குத் தெரியாமலே உள்ள வேலை நடந்துக்கிட்டிருக்கு. இனிமே ஒரு துணுக்கு ரொட்டிகூடக் கூடாது. ஒரு வருஷம் கழிச்சு ரத்தம் பார்ப்போம். ரத்தத்துல இந்த நோயைக் காட்டுற எண் இறங்கலைன்னா அடுத்து இடுப்பு எலும்புதான்."

வெரிட்சாவுக்கு நாற்பத்தாறு வயது. ஆற்றில் விழாமல் ஊரையே காப்பாற்றிக்கொண்டிருப்பவள். இடுப்பு போனால் பிழைப்பும் போச்சு. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சீக்கிரமே ஆள் கிடைத்தது, ஒருவரல்ல, ஊர் மொத்தமும். எங்கள் ஊரில் நோய் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இருமணும், இளைக்கணும், நாலு பேர் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரணும். இவளோ கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறாள், ரொட்டியை மட்டும் தொடமாட்டேன் என்கிறாள். நம்புவார்களா?

ஓட்டுநர் தேர்வில் ஜெயித்தவர்கள் பலகாரப் பெட்டியோடு வருவது வழக்கம். எடுக்காவிட்டால் அவமானம். "வேண்டாங்க" என்றால், "ஏன், நான் சுமாரா ஓட்டினேன்னா?" என்று முகம் சுண்டிப்போகும். பயிற்சிப் பள்ளி முதலாளி மிலுடின் வேறு ஒரு பக்கம்.

"ஏம்மா வெரிட்சா, பெல்கிரேடு சீமாட்டி ஆயிட்டியா? இங்க எவனுக்கும் வராத நோயெல்லாம் உனக்கு எங்கேருந்து வருது?"

"உங்களுக்கும் இருக்கலாம். ரத்தம் குடுத்துப் பாருங்க."

"எனக்கா? எனக்கு ஒண்ணுமே இல்லையே."

இதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மண்டை காய்ந்தது. தானும் அதையே சொன்னவள்தான் என்பது இன்னும் எரிச்சல். சோள ரொட்டியாவது உண்டா என்று கடையில் கேட்டால், "உண்டு, கொஞ்சமாத்தான் கோதுமை மாவு கலந்திருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். மீன் கேட்டால் மாவில் புரட்டிப் பொரித்து வந்தது. பிளம் பிராந்தி ஒன்றுதான் அவளுக்குத் துரோகம் செய்யவில்லை.

இதில் வீட்டில் இருந்த ஒரே ஆறுதல் அம்மா ஸ்டமென்கா. அப்பா போனபின், கணவனிடமிருந்து விலகி வந்த வெரிட்சாவும் அம்மாவும் மட்டும்தான் அந்த வீட்டில். அம்மாவுக்கு எழுபத்து மூன்று. கூன் விழுந்து பாதியாகிப்போனாலும் ஞாயிறு தவறாமல் கோயில், கோயிலிலிருந்து வந்ததும் கோழி சூப்பு. முதலில் அவளும் சண்டை போட்டாள். பூசை முடிந்து பாதிரியார் எல்லோருக்கும் கொடுக்கும் மந்திரித்த ரொட்டியை மகள் வேண்டாம் என்றபோது, "ஆண்டவன் ரொட்டி ஆண்டவன் பிள்ளையை என்னடி பண்ணும்?" என்று வாசலிலேயே அழுதாள். பிறகு என்ன தோன்றியதோ, அடங்கிவிட்டாள். மகளுக்கென்று தனிப் பானை வாங்கினாள், தனிக் கரண்டி வாங்கினாள், சூப்பில் சேமியாவுக்குப் பதில் அரிசி போட்டாள். ஊரில் நம்பியவள் அம்மா ஒருத்திதான் என்று வெரிட்சா நெகிழ்ந்துபோயிருந்தாள்.

வருஷம் முடிந்தது. ரத்தம் கொடுத்தாள். எண் இறங்கவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "எங்கேயோ சாப்பிடுறீங்க."

"சத்தியமா இல்ல."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஒளிச்சுத் திங்கிறவங்களும்."

ஒரு வருஷம் பலகாரப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு, ஊர் வாயில் விழுந்து, அவித்த உருளைக்கிழங்கை டப்பாவில் தூக்கிக்கொண்டு அலைந்தவளுக்குக் கிடைத்த பேர் திருடி. காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தாள். மணிக்கட்டு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டாள். பற்பசையை மாற்றினாள், மிளகாய்த்தூளைக் கொட்டினாள். அடுத்த ஞாயிறு, கையைக் கழுவ அடுக்களைக்குள் போனவள் கதவருகே நின்றாள். அம்மா முதுகைக் காட்டியபடி, பித்தளைக் காப்பி அரவையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வருஷக்கணக்காகக் கடையில் அரைத்து விற்கும் காப்பித்தூள்தான்; அரவை சும்மா கிடந்தது.

"என்னம்மா அரைக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீ போய் உக்காரு, சூப்பு ஆறுது."

வெரிட்சா அரவையை வாங்கித் திறந்தாள். "காப்பி எப்பலேருந்து வெள்ளையாச்சு?"

தூள் மிருதுவாக, சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் கோயில் கைக்குட்டை, அதில் காய்ந்த ரொட்டித் துண்டு இரண்டு.

"மந்திரிச்ச ரொட்டி," என்றாள் அம்மா. "நீதான் வாங்கமாட்டேன்னுட்ட. ஒரு சிட்டிகை. ஞாயித்துக்கிழமை மட்டும். உனக்குச் சொகமாகணும்னு வேண்டிக்கிட்டுப் போடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்து."

தனிப் பானை, தனிக் கரண்டி, எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அதில் இதையும் போட்டிருக்கிறாள்.

"ஏம்மா, நீ பண்றது எனக்கு விஷம்மா."

"விஷமா? ஒரு வருஷமா தின்னியே, என்ன ஆச்சு உனக்கு? வயிறு வலிச்சுதா? சொல்லு."

வலிக்கவில்லை. வலித்திருந்தால் முதல் ஞாயிறே பிடிபட்டிருக்கும். வெரிட்சா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. ரத்தச் சொந்தம் எல்லாரும் பரிசோதிக்கணும்னு டாக்டர் சொல்லியும் நீ போகல. கோதுமை நம்மளை ஒண்ணும் செய்யாதுன்னா வா, ரத்தம் குடு."

"குடுக்கிறேன். எனக்கென்ன பயம்? எழுபது வருஷமா ரொட்டி தின்னவ நான்." அம்மா அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டாள், சாட்சி சொல்லப் போகிறவள்போல.

அம்மாவுக்கும் அதே நோய். ரத்தத்திலும் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்ததிலும் இருந்தது. டாக்டரம்மா அம்மாவின் கூனைத் தடவிப் பார்த்து, முன்னே இடுப்பு உடைந்ததா என்று கேட்டாள். உடைந்திருந்தது. கையும் உடைந்திருந்தது. வயசானால் உடையும் என்று எல்லோரும் சொன்னார்கள், இவர்களும் சரி என்றார்கள். அம்மாவின் அம்மாவும் இரண்டாக மடிந்துதான் செத்தாள்.

திரும்பும் வழியில், காரில் ஸ்டமென்கா ஒரே ஒரு தடவை, "எனக்கு ஒண்ணுமே இல்லையே," என்றாள், யாரிடமோ புகார் சொல்வதுபோல. வெரிட்சா ஒரு வருஷமாகத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பரில் அவர்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள் வந்தது. அன்றைக்கு வருகிற விருந்தாளி சிலுவை போட்டுக்கொண்டு, சர்க்கரையும் வாதுமைக்கொட்டையும் சேர்த்துப் பிசைந்த அவித்த கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்ட பிறகுதான் உட்காருவார். ஸ்டமென்கா தட்டை ஏந்தி வாசலில் நின்றாள். ருசி பார்க்காமல் சர்க்கரை போட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டு ஜகோர்கா கரண்டியை நக்கிக்கொண்டே சொன்னாள்: "சர்க்கரை கம்மியா இருக்குடி ஸ்டமென்கா. நீயே பாரேன். பாதிரியார் மந்திரிச்சது, ஒரு கரண்டி என்ன பண்ணிடும்?"

"ஒண்ணும் பண்ணாது," என்றாள் அம்மா. "ஒண்ணும் பண்ணாமலேதான் என் முதுகை உடைச்சுது. நீ உள்ள போய் உக்காரு."

தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். வெரிட்சா மீனைச் சோள மாவில் புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து, முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"வாரா வாரம் நானே ஊத்திக் குடுத்தேனே, வெரா."

வெரிட்சா கையை உருவிக்கொள்ளவில்லை. மாவு அம்மாவின் விரலிலும் ஒட்டிக்கொண்டது.

"என்ன பண்றது," என்றாள். "சூப்பு நல்லாத்தாம்மா இருந்துச்சு."