அக்கா பாடாத புலம்பல்

எங்கள் அக்கா கரவெட்டியில் பிறந்து, அகதியாக இலண்டன் வந்து, பகலில் கடையில் நின்றும் மாலையில் படித்தும் ஆசிரியையானவர். தென் இலண்டனில் மிச்சம் என்ற இடத்திலிருந்து பஸ் ஏறிப் போய், ஓய்வுபெறும்வரை ஆங்கில இலக்கியம் படிப்பித்தார். விக்டோரியா மகாராணி காலத்து இரங்கற்பாக்கள் என்றால் அவருக்கு உயிர். இறந்தவர்களுக்காக அழுதபடியே, கடவுள் இருக்கிறாரா என்று அந்தக் கவிஞர்கள் வாய்விட்டுக் கேட்டார்கள் என்பார். "உங்களுக்கு ஏனக்கா உந்த வெள்ளைக்காரன்ரை ஒப்பாரி?" என்று நான் நக்கலடிப்பேன். "போடா விசரா" என்று சிரிப்பார்.

அத்தான் காலமான பிறகும் வெள்ளிதோறும் விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய்வந்தவர். ஒரே மகன் பத்தொன்பது வயதில் வீதி விபத்தில் போனதும் அது நின்றுவிட்டது.

அவனுடைய அந்தியேட்டிக் கிரியைக்கு, கல்வெட்டு எனும் நினைவு மலர் அடிக்கும் பொறுப்பை நான் எடுத்தேன். முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கும் அந்தப் புத்தகத்தில் 'தாய் புலம்பல்' இல்லாமல் முடியுமா? ஒரு புலவருக்குத் தொலைபேசியில் பெயரும் வயதும் சொல்லி எழுதுவித்தேன். அக்காவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. 'அழைத்தவன் ஆண்டவனே, ஆறிவிட்டேன்' என்று அக்காவே பாடுவதுபோல் அது முடிந்திருந்தது.

அக்கா அதை வாசித்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "ஆரடா ஆறினது? அந்தக் கவிஞர்கள் ஒரு வரி நம்பிக்கைக்கு வருசக்கணக்கா அழுதவங்கள். நீ எனக்கு நாலு வரியிலை முடிச்சுப்போட்டாய்."

ஐயோ, அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகமோ எல்லோர் கையிலும் போய்விட்டது. அதன் பிறகும் அக்கா எனக்குச் சோறு போட்டார், சுகம் விசாரித்தார். அந்தக் கதையை மட்டும் எடுக்கவிடவில்லை.

போன மாரியில் புற்றுநோய் அவரைப் படுக்கையில் போட்டது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"அக்கா, இப்பவாவது நம்பிக்கை வந்துதோ?"

"இல்லையடா. கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறன். ஒருத்தரும் பதில் சொல்லேல்லை."

"என்னை மன்னிச்சிட்டியளோ?"

"அதையும் இப்ப கேளாதை."

இரண்டு நாளில் போய்விட்டார்.

ஆகையால் அக்காவுக்கான இந்த நினைவு மலரில் 'சகோதரர் புலம்பல்' இல்லை. சிவபதம் அடைந்தார் என்றும் போடவில்லை. உறவினர்கள் கோபிக்கவேண்டாம், தெரியாததை அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், கிரியை செய்த ஐயருக்கும் எங்கள் நன்றி. ஐயர் சொன்னபடி பூவும் தண்ணீரும் விட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. அக்காவுக்குச் சண்டை பிடிக்கவாவது ஒரு கடவுள் இருந்தார். எனக்கு அதுவும் இல்லை.

தம்பி