யேசுதாசன் அண்ணையின் மோட்டார் கொதித்த கதை

"அன்ரி, யேசுதாசன் அண்ணையின்ரை மோட்டார் கொதிக்குது."

எஞ்சினியர் தர்சினி சொன்னதும் என் கை கம்பியிலேயே நின்றுவிட்டது. அந்த மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் கொயில் சுற்றியது நான். பெற்றோல் ஓட்டோக்களைக் கரண்டில் ஓட மாற்றும் வேலைத்தலம் எங்களுடையது. பூட்டும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தர்சினியின் கணினிக்குள் அதைப்போலவே ஓடும் ஓர் இரட்டை இருக்கும். டிஜிட்டல் ட்வின் என்பார்கள். றோட்டில் ஓடும் மோட்டாரின் கரண்டும் சூடும் அதற்கு வந்துகொண்டே இருக்கும். இந்தப் பாரத்துக்கு இவ்வளவு சூடுதான் வரலாம் என்று இரட்டைக்குத் தெரியும். மிஞ்சினால் சிவப்புக் காட்டும்.

யேசுதாசன் அண்ணை குருநகரில் மீன் ஏற்றுபவர். கூப்பிட்டதும் ஓட்டோவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டார்.

முதலாளி திரையைப் பார்த்தார். "கொயில்தான் பிழை. வெட்டிப்போட்டுத் திருப்பிச் சுத்துங்கோ. உங்கடை கையாலை சுத்தின மற்ற மோட்டாருகளையும் கழட்டத்தான் வேணும்."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் கதைக்க வராது. "ஓம்" என்று சொல்லிக் கம்பி வெட்டும் குறட்டை எடுத்துவிட்டேன். இனி என்னிடம் கம்பி தருவார்களோ என்பதுதான் மனதில் ஓடியது.

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி," என்றாள் தர்சினி. மோட்டாரைக் கழற்றிச் சோதனைக்கென்று வைத்திருக்கும் வாங்குப் பலகையில் பூட்டி, அதே பாரம் கொடுத்து ஓடவிட்டாள். சூடு ஏறவில்லை.

"கொயில் பிழையெண்டால் இஞ்சையும் கொதிக்க வேணுமே. றோட்டிலை ஓட்டோ நிண்ட பிறகும் சூடு இறங்கேல்லை. காத்துப் படேல்லைப் போலை."

இரட்டைக்குக் காற்றுப் போகும் வழியைக் கணினியில் அடைத்துப் பார்த்தாள். றோட்டில் வந்த அதே சூடு திரையிலும் வந்தது.

"அண்ணை, மோட்டாரை எதாலையும் மூடுறனீங்களோ?"

"மூடாமல்? ஐஸ் பெட்டியிலையிருந்து உப்புத் தண்ணியெல்லோ ஒழுகுது. மழைக்கு மூடுற படங்காலை இறுக்கிச் சுத்தித்தான் ஓடுறனான். கரையிலை வள்ளத்து எஞ்சினையும் அப்பிடித்தானே மூடி வைக்கிறம்."

"இண்டைக்கு எங்கை அந்தப் படங்கு?"

"மீன் நாத்தத்தோடை உங்கடை இடத்துக்கு வாறதோ பிள்ளை? கழட்டி வீட்டை வைச்சிட்டுத்தான் வந்தனான்."

முதலாளி சிரித்துவிட்டார். "நல்ல மரியாதை அண்ணை. உந்த மரியாதையாலை அன்ரியின்ரை கொயில் போகப் பாத்தது."

காற்றுப் போக இடம் விட்டு ஒரு தகட்டு மூடியை முதலில் இரட்டைக்குப் போட்டுப் பார்த்தார்கள். சரிவந்த பிறகு ஓட்டோவுக்குச் செய்து பூட்டினார்கள். அதன்பின் சிவப்பு வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இரட்டை சிவப்புக் காட்டினால் எங்கோ பிழை இருக்கிறது. யாருடைய பிழை என்பதை அது சொல்லாது. அதை நாங்கள்தான் ஓடவிட்டும் கேட்டும் அறியவேண்டும். இப்போது யாராவது வெட்டச் சொன்னால், "ஒருக்கா வாங்கிலை ஓடவிட்டுப் பாப்பமே" என்கிறேன். குரல் மெல்லத்தான் வருகிறது. ஆனாலும் குறட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன்.