கையொப்பம் தேடிக் கரடியனாறு வரை

காலை ஆறரைக்கு மட்டக்களப்பு அமிர்தகழியில் ஓட்டோ ஏறினோம். அக்காவின் மடியில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் அவளுடைய வயலுக்கான உண்மையான உறுதிப் பத்திரமும், அத்தான் கையொப்பமிட வேண்டிய ஒரு கடிதமும். கரடியனாறு முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். போய்வர எட்டாயிரம் என்றார் ஓட்டோக்காரர். நான் கொழும்பில் இருந்து வந்தவள், ஏமாறுவேனா? ஏழாயிரத்தில் முடித்தேன்.

அத்தான் நாலைந்து நாளாக வயல் வாடியில், அந்தக் காவல் குடிசையில், ஒளிந்திருந்தார். ஆள்விட்டுக் கேட்டால் அறுவடையாம். போனையும் எடுப்பதில்லை.

விஷயம் இதுதான். கனடாவில் இருக்கும் அக்காவின் மகளுக்கு வைகாசியில் பேறு. அக்காவையும் அத்தானையும் அனுப்பிவைக்கிறேன் என்று டவுனில் ஒரு முகவர் பொறுப்பெடுத்தார். மட்டக்களப்பில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதுவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அக்காவின் மூன்று ஏக்கரும் அப்படி வந்ததே. ஆனால் ஊர்வாயில் அது அத்தானின் வயல். அத்தான் வாயிலும் "என்ட வயல்"தான். முகவருக்கு அது போதுமாக இருந்தது. ஆம்பிளையின் பெயரில் சொத்து இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் நம்புவான் என்று சொல்லி, அதே வயலுக்கு அத்தான் பெயரில் ஒரு கள்ள உறுதியை அடித்து விண்ணப்பத்தோடு சேர்த்துவிட்டார். அக்காவுக்குத் தொழில் எதுவும் இல்லை என்றும் எழுதினார். கடவுளே! மகள் படிக்கப் போனபோது தாயின் உண்மையான உறுதியைத்தானே அதே நாட்டுக்குக் காட்டியிருந்தாள்? ஒரே வயலுக்கு இரண்டு உறுதி. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. பொய் என்று முடிவானால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பதில் நாளைக்குள் போயாக வேண்டும்.

வலையிறவுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. கீழே வாவியில் இரண்டு தோணிகள், இடுப்பளவு நீரில் நின்று ஒருவர் வலை வீசினார். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த ஓட்டோக்காரர், காத்தான்குடிக்காரர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. நானும் ஒருக்காக் கள்ள லைசன்சோட கட்டாருக்குப் போன ஆள்தான். பெரிய லொறியில ஏத்தி ஓட்டிக் காட்டு எண்டானுகள். எனக்குக் கியர் போடவே தெரியல்ல. திருப்பி ஏத்திட்டானுகள்."

"லைசன்ஸ் செஞ்சு குடுத்தவருக்கு என்ன நடந்த, காக்கா?" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கான். திரும்பி வந்தது நான்தானே."

வவுணதீவைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வட்டை வட்டையாக வயல், பாதி அறுத்தும் பாதி மஞ்சளாகவும். ஆயித்தியமலைக்குக் கிட்ட என் போனுக்கு முகவரின் அழைப்பு வந்தது. பழைய உறுதி ரத்தாகிக் கணவர் பெயருக்கு மாறிவிட்டது என்று ஒரு கடிதம் செய்து தருகிறாராம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பறித்தாள்.

"இன்னொரு பொய்யா? வேணாம் மனே. நீ செஞ்சது காணும், இனிப் போதும்." கட் பண்ணிவிட்டாள்.

எட்டு மணிக்கு வாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெட்டு மெசின் இரைந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அத்தானின் முகம் சுருங்கிப்போனது.

"வாங்க மச்சாள். தேத்தண்ணி குடிக்கிறயளா?"

"கையெழுத்துக்கு வந்தம் அத்தான்," என்றேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நான் கள்ளன் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதா?"

"ஓம்," என்றாள் அக்கா. "நானும் வாசிக்காமத்தான் கையெழுத்து வச்ச. அதையும் இதில எழுதியிருக்கு."

"ரெண்டு பேருக்கும் தடை போட்டா? பிள்ளைக்கு ஆரு துணை நிக்கிற?"

அக்காவின் கண் நிரம்பியது. குரல் மட்டும் அசையவில்லை. "நான் போகாட்டியும் அவ பெத்துக்குவா. நம்மட பொய் அவட பேர்ல ஒட்டப்படா. அவ அங்கதான் வாழோணும்."

அத்தான் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

அக்காவும் வைத்தாள். பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "என்ட தொழில் வேளாண்மை, கமம் எண்டும் இதில எழுது கா, தங்கச்சி."

"அப்ப நான் ஆரு?" என்றார் அத்தான்.

"நீங்க என்ட வயலுக்கு முல்லைக்காரன்."

நிலச்சொந்தக்காரரான போடியாரின் வயலைப் பார்த்துக்கொள்பவரை அங்கே முல்லைக்காரன் என்பார்கள். ஓட்டோக்காரர் தேநீரைத் துப்பும் அளவுக்குச் சிரித்தார். அத்தானும் சிரித்துவிட்டார், பாவம்.

பத்தரைக்கு டவுனில் கடிதத்தையும் உறுதியையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். மறுநாள் ரயிலேறினேன். கொழும்பில் என் வீட்டு உறுதி கணவர் பெயரில் இருக்கிறது; நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. வந்ததும் முதல் வேலையாக எடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

பங்குனியில் அக்காவிடமிருந்து போன் வந்தது. மகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம். இவர்கள் இருவருக்கும் ஐந்து வருடத் தடை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத கா," என்றாள். "அஞ்சு வருஷத்தில என்ட உறுதியோட நானே விண்ணப்பம் போடுவன். அப்ப பேரப்பிள்ள நல்லா நடக்கும். எயார்போட்டுக்கு வந்து என்னக் கையப் புடிச்சிக் கூட்டிப் போகட்டும்."