பன்னிரண்டாம் மாடிக்கு வந்த விறகு

கதவைத் திறந்தபோது விறகு இருந்தது. பன்னிரண்டாம் மாடி, பழுப்புக் கம்பளம் விரித்த நீண்ட நடை, எந்த நேரமும் யாரோ ஒருவர் வீட்டுக் கறி மணக்கும் கனடா ஸ்காபரோ அப்பாட்மென்ற். எங்கள் கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, பிளந்த விறகுத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. பட்டைகளில் ஒட்டியிருந்த பனி உருகிக் கம்பளத்தில் கறுப்பாகப் பரவியிருந்தது. அடுக்கியவர் அவசரப்படவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அப்பா செத்துப்போன செய்தி வந்து இரண்டாம் நாள் அது.

பின்னால் வந்து நின்ற என் கணவர் முதலில் விறகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உது என்ன? ஆர் உதைக் கொண்டுவந்து வைச்சது?"

யார் வைத்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் வடக்கு அக்கா என்று அழைத்த அந்தப் பெண்மணி ஒரு வெள்ளைக்காரி. தொண்ணூறுகளில் நான் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில், எங்கள் பொதிகட்டும் வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அகன்ற தோள், மாவைத் தூவிவிட்டது போல நரைத்த புருவங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எந்த இடம் என்று கேட்டார். என்னிடம் அப்போது இருந்த ஆங்கிலம் கொஞ்சம். "ஸ்ரீலங்கா, நோர்த்" என்றேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டு, "நானும் நோர்த்" என்றார். அதே வரிசையில் வேலை செய்த, நாங்கள் நல்லூர் அன்ரி என்று கூப்பிடும் அம்மா பக்கத்தில் நின்று சிரித்துவிட்டார். "பாத்தியே பிள்ளை, உவவும் எங்கடை ஆள்தான்!" அன்றிலிருந்து அந்தப் பெயர். அதன் பொருளை அறிந்ததும் அவர் அதை ஒரு பட்டம் போல ஏற்றுக்கொண்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவர் சொன்னவை எல்லாம் எங்கள் பேச்சில்தான் என் காதில் கேட்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய வடக்கு, வரைபடத்தில் நாங்கள் பார்த்துப் பழகிய கனடாவுக்கும் மேலே இருந்தது. ஒரு ஏரி, ஏரிக்கரையில் ஒரு சுரங்கம், சுரங்கத்துக்காக எழுந்த ஒரு சிறு பட்டணம். அங்கே போகக் கோடையில் தெருவே கிடையாது. ஏரி உறைந்து கல்லான பிறகு அதன்மேல்தான் லொறிகள் சாமான் கொண்டுவரும். மார்கழியில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் விடிந்து, தேத்தண்ணி நேரத்துக்குள் இருண்டுவிடும். "அங்கை ஆரும் கதவு பூட்டுறேல்லை" என்பார். "குளிருக்குள்ளை அம்பிட்டவன் ஆரெண்டாலும் உள்ளை போய் அடுப்படியிலை இருக்கலாம். வீட்டுக்காரன் நிக்க வேணுமெண்டில்லை. போகேக்கை அடுப்புக்குள்ளை ஒரு கட்டை வைச்சிட்டுப் போகவேணும், அவ்வளவுதான்." மாசி மாதத்தில் ஒரு வெற்று எண்ணெய்ப் பீப்பாவைச் சிவப்படித்து ஏரியின் நடுவில் வைப்பார்களாம். வசந்தத்தில் பனி இளகி அது எந்த நாள், எந்த நேரம் தாழும் என்று ஊர் முழுவதும் பந்தயம் பிடிக்கும். வென்றவர் வீட்டுக்கு அந்தக் கோடையில் ஒவ்வொரு படகிலிருந்தும் முதல் மீன் போகும். பாதிரியார் ஒருமுறை வென்றுவிட்டார் என்றும், அவர் கடவுளிடம் கேட்டுத்தான் சொன்னார் என்று இரண்டு வருடம் யாரும் அவருடன் சரியாகக் கதைக்கவில்லை என்றும் சொல்லி, பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஒரு பங்குனியில் நல்லூர் அன்ரி கேட்டார், "இந்த முறை பீப்பா எப்ப தாழும்?" வடக்கு அக்கா கையிலிருந்த அட்டைப் பெட்டியை மடித்து முடித்தார்.

"இப்ப ஆரும் வைக்கிறேல்லை. அங்கை ஆக்கள் இல்லை."

அப்போதுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது. சுரங்கம் மூடப்பட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கொம்பனி எல்லோரையும் வெளியேறச் சொல்லி, வீடுகளை இடித்து, பனித்தெரு போடுவதையும் நிறுத்திவிட்டது. அவர் விட்டுவந்தது வீட்டை மட்டும் அல்ல. அவருடைய கணவர் அங்கே இருந்தார், மண்ணுக்குள்.

அந்தச் சாவைப் பற்றி ஒரு மதிய இடைவேளையில் சொன்னார். மார்கழியில் இறந்தவர்களை அங்கே புதைக்க முடியாது. நிலம் கல்லாகிவிடும், மண்வெட்டி இறங்காது. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மரக்கொட்டில் இருக்கும். பெட்டியை அதற்குள் வைத்து, ஆனி பிறந்து மண் இளகிய பிறகுதான் அடக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்தக் கொட்டிலுக்குப் போவாராம். வாசலில் விழுந்த பனியைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, கதவருகே நின்று அந்தக் கிழமை நடந்தவற்றைக் கணவருக்குச் சொல்வாராம். நல்லூர் அன்ரி நடுங்கிப்போனார். "ஐயோ, எங்களிலை பிரேதத்தை ஒரு இரவு வைச்சிருக்கிறதே பெரும்பாடு!"

"எனக்கு அந்த மாதங்கள்தான் ஆறுதல்" என்றார் வடக்கு அக்கா. "அவர் போகவுமில்லை, இருக்கவுமில்லை. நான் மெல்ல மெல்லப் பழகினன்." ஆனியில் அவரைப் புதைத்தார்கள். அதே கோடையில் சுரங்கம் மூடும் அறிவித்தல் வந்தது.

விறகைப் பற்றியும் அன்றுதான் சொன்னார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரில் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கை விறகு கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். கதவைத் தட்டமாட்டார்கள், ஆறுதல் சொல்லமாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் அடுப்பைக் கவனிக்க மறந்துவிடுவார்கள். அந்தக் குளிரில் அடுப்பு அணைந்தால் ஒரு சாவு இரண்டாகிவிடும். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. எங்களில் சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அயலவர்தான் சமைத்துக் கொண்டுவந்து தருவார்கள். இதை அவரிடம் சொன்னேன். "உங்கடை இடத்திலை வெக்கை இருக்கு, அதுதான்" என்றார்.

எங்கள் ஊர் காங்கேசன்துறைப் பக்கம், கடலோரம். தொண்ணூறில் இராணுவம் வந்தபோது அப்பாவும் ஊரோடு வெளியேறி மானிப்பாயில் ஒரு வீட்டின் பாதியில் இருந்தார். ஐந்து வருடம் கழித்து, யாழ்ப்பாணமே ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் மழையில் நடந்தார். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில், யாரென்று தெரியாத குடும்பங்களுக்கு நடுவே, காய்ச்சலில் கண்ணை மூடினார். கொழும்பில் இருந்த பெரியம்மாவின் மகன் அதைத் தொலைபேசியில் சொன்னபோது எல்லாம் முடிந்து பல கிழமைகள் ஆகியிருந்தன. கொள்ளி வைத்த தூரத்து உறவினர் வன்னிப் பக்கம் போய்விட்டார். சாம்பலை எங்கே கரைத்தார் என்று கேட்கவும் ஆள் இல்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இடைவேளையில் வடக்கு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை அணைக்கவில்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"இப்ப அவரை எங்கை வைச்சிருக்கினம்?"

அவருக்கு அது இயல்பான கேள்வி. குளிர்காலத்தில் இறந்தவர் எங்காவது இருக்கத்தானே வேண்டும். "தெரியாது" என்றேன். பிரேதமும் இல்லை, சாம்பலும் இல்லை, இடமும் இல்லை என்பது அந்தக் கணம் வரை என் மனதுக்குள் முழுதாக இறங்கியிருக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு வரிசைக்குத் திரும்பினார்.

அடுத்த நாள் காலையில்தான் விறகு வந்திருந்தது. பெற்றோல் நிலையங்களில் பிளாஸ்ரிக்கில் சுற்றி விற்கும் விறகுதான் அது. அதைப் பிரித்து, ஒரு பெரிய பையில் போட்டு, இரண்டு பஸ் மாறி, வேலைக்கு முன்பே கொண்டுவந்து அடுக்கிவிட்டுக் கதவைத் தட்டாமல் போயிருக்கிறார். நான் கணவருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன்.

"அடுப்பு மூட்டக் கூடாத வீட்டுக்கு விறகு" என்றார் அவர். "மூட்டலாமெண்டாலும் உந்தக் கறண்ட் அடுப்புக்குள்ளை எங்கை வைக்கிறது?" சிரிக்கத்தான் தொடங்கினார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்பாவை அவர் ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை.

விறகைப் பல்கனியில் வைத்தோம். தீ ஆபத்து என்று கட்டடத்தைப் பராமரிப்பவர் வந்து சத்தம் போட்டார். கிழமை முடிவதற்குள் அவரே அவற்றைக் கீழே குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார். ஒரு துண்டுகூட எரியவில்லை. வடக்கு அக்கா அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

அதற்கு அடுத்த ஆவணியில் அவர் தன் ஊருக்குப் போனார். தண்ணீரில் இறங்கும் சிறு விமானம் ஒன்றை, அந்தப் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்களோடு சேர்ந்து ஒழுங்குபண்ணியிருந்தார். போவதற்கு முன்பு பல நாள் அதே கதைதான். கல்லறையைச் சுற்றிப் புல்லுப் பிடுங்க ஒரு சிறு கத்தி, வேலிக்கு அடிக்க வெள்ளைப் பெயின்ற் என்று ஒவ்வொன்றாக வாங்கிக் காட்டினார். திரும்பி வந்த திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். "நல்லா இருந்தது" என்றார். அவ்வளவுதான். பீப்பா, பாதிரியார், கதவு பூட்டாத வீடுகள் எதுவும் அதன் பிறகு அவர் வாயிலிருந்து வரவில்லை. நாங்கள் வடக்கு அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. சில நாட்களில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை அவரிடம் எந்த இடம் என்று கேட்டது.

"ஸ்காபரோ" என்றார்.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் நானும் அவரும் மட்டும் நின்றோம். நான் கேட்காமலே சொன்னார். "வீடு ஒண்டுமில்லை. லைற் கம்பங்களையும் பிடுங்கிக்கொண்டு போட்டினம். சேமக்காலை வேலி விழுந்து கிடக்கு, பத்தை மூடி எந்தக் கல்லு ஆருடையதெண்டு தெரியேல்லை. அவரைத் தேடினன். விமானக்காரன் நேரமாச்செண்டு கூப்பிட்டான்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "சந்தியளிலை ஸ்ரொப் போர்ட் மட்டும் நிக்குது. நான் ஒவ்வொண்டிலையும் நிண்டு, ரெண்டு பக்கமும் பாத்துப்போட்டுத்தான் போனன்."

பிறகு அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அவர் நகருக்கு வெளியே விட்பிப் பக்கம் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் அவரைத் திரும்பக் காணவில்லை.

பஸ் தரிப்பில் அவர் அதைச் சொன்ன அன்று நான் வீட்டுக்கு வந்தபோது, என் கணவர் மேசையில் விளம்பரத் தாள் ஒன்றின் வெற்றுப் பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிப் போய்க் கட்டப்போகும் வீடு அது. வேலையற்ற மாலைகளில் அவருக்கு அது ஒரு பழக்கம். நானும் பக்கத்தில் இருந்து யன்னல்களை மாற்றச் சொல்வேன், சாமியறையைப் பெருப்பிக்கச் சொல்வேன்.

"கிணத்தை இந்தப் பக்கம் எடுத்தால் நல்லது. நீர் என்ன சொல்லுறீர்?" என்று தாளைத் திருப்பிக் காட்டினார்.

விறாந்தை இருந்தது, கிணறு இருந்தது, வாசலில் தொடங்கித் தாளின் விளிம்பு வரை ஒழுங்கை இருந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது.

"மற்ற வீடுகள் எங்கை?" என்று கேட்டேன்.

அவர் தாளைப் பார்த்தார். எங்களுக்கு அடுத்த வளவுக்காரர் பாரிசில் இருந்தார்கள். எதிர்வளவுக்காரர் லண்டனில். மூலை வீட்டில் இருந்த கிழவனும் கிழவியும் வன்னியில் எங்கேயோ.

"அவையும் வருவினந்தானே" என்றார்.

அன்று நான் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. வேலை உடுப்பை மாற்றாமலே குசினிக்குள் போய்ச் சோற்றுக்கு அரிசி களையத் தொடங்கினேன்.